முன்னூறு சிங்கோனியமும் ஒரு சீல்டு சாம்பிளும்

திருப்பூரில் செடி விற்பது சுலபம். விற்ற பிறகு அது செடி என்று வாங்கினவருக்கு ஞாபகப்படுத்துவதுதான் கஷ்டம். நர்சரி வைத்திருப்பவர்கள், வைத்துவிட்டு மூடியவர்கள், வீட்டில் யாரோ நர்சரி வைத்ததால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. கொஞ்சம் ஆறுதலாக வேண்டுமானால் இருக்கலாம்.

ஏற்றுமதிக்குக் கோட்டா முறை ஒழிந்த புதிது. பழைய பனியன் கம்பெனிகள் முகப்பில் கண்ணாடி பதித்துக்கொண்டு எக்ஸ்போர்ட்ஸ் ஆகிக்கொண்டிருந்தன. நொய்யல் ஆற்றில் அன்றைக்கு என்ன நிறம் ஓடினாலும் சரி, கம்பெனி வாசலில் பச்சை நிறம் இருக்க வேண்டும் என்று சரக்கெடுக்க வரும் வெளிநாட்டு பையர்கள் எதிர்பார்த்தார்கள். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அதில் ஒரு பிழைப்பு தெரிந்தது. பல்லடத்துக்கு வெளியே மாமனாரின் காலியிடத்தில் நிழல்வலை கட்டினேன். ஓசூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து திசு வளர்ப்புக் கன்றுகள் பாட்டில் பாட்டிலாக வரும். ஒரே தாய்ச்செடியின் நுனியைக் கிள்ளிக் கண்ணாடிக்குள் பெருக்கியவை என்பதால், அத்தனையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். நான் அவற்றை வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கித் தொட்டியில் வளர்த்துக் கொடுப்பேன்.

மாமனாருக்கு அந்த இடத்தில் பன்னிரண்டு தறி போட ஆசை. மருமகள் ஆசைப்படுகிறாளே என்று ஒரு வருடம் பொறுத்துக்கொண்டார். அதற்குள் நிலையான ஒரு கம்பெனி காண்ட்ராக்ட் கிடைத்தால் நிழல்வலை நிற்கும். கிடைக்காவிட்டால் தறி நிற்கும். நான் திரும்ப அடுப்படியில் நிற்பேன்.

லைட் பாக்ஸ்

அந்தக் காண்ட்ராக்ட் சென்னியப்பன் அண்ணனிடமிருந்து வந்தது. ராயபுரத்தில் நாலு மெஷினோடு தொடங்கி, பிறகு ஊருக்கு வெளியே பெரிய கம்பெனி கட்டியவர். ஒருமுறை ஒரே ஆர்டரில் உடம்புத் துணி ஒரு நீலம், கைப்பகுதித் துணி வேறு நீலம் என்று ஆகி, சரக்கு மொத்தமும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு பொருள் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது, மச்சம் ஆளுக்கொரு இடத்தில் இருக்கிறதே என்று கவலைப்பட்டாராம். கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் இரண்டு சிங்கோனியம் தொட்டிகளை எடுத்துப்போய் மேஜைமேல் வைத்தேன். அம்பு முனை போன்ற இலை, நடுவே வெள்ளை, ஓரத்தில் பச்சை. அவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய், துணியின் நிறம் ஒத்துப்பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்தார். வெள்ளை விளக்கு, மஞ்சள் விளக்கு, ஊதா விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார். எல்லா வெளிச்சத்திலும் இரண்டும் ஒரே செடி. இருபது வருடமாகச் சாயப்பட்டறைக்காரர்கள் யாரும் தராத சந்தோஷத்தை நான் தந்துவிட்டேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. முன்னூறு தொட்டி, ஒரு வருடப் பராமரிப்பு, பையர் வந்து பார்த்துத் திருப்தியானால் வருடா வருடம் தொடரும் என்று அங்கேயே முடிவானது.

பிறகுதான் சாம்பிளை சீல் பண்ண வேண்டும் என்றார். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இது வழக்கம். ஒப்புக்கொண்ட உருப்படி ஒன்றைப் பாலிதீன் பையில் போட்டு, அட்டை கட்டி, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு, பீரோவில் பூட்டிவைப்பார்கள். பின்னால் பல்க் என்கிற மொத்தச் சரக்கில் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. அப்படியே என் செடி ஒன்றும் பாலிதீன் பைக்குள் போய் டேப் ஒட்டப்பட்டது. செடிக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும் என்று இழுத்தேன். அந்த பீரோவில் இரண்டு வருடமாக இருக்கும் டி-ஷர்ட்டுக்கே ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். எம்.எஸ்ஸி. படித்த நான், அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டேன். தறிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போது படிப்பாவது ஒன்றாவது. சென்னியப்பன் அண்ணன் பீரோவைப் பூட்டிவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்:

"காத்து, வெளிச்சமெல்லாம் செடிக்குத்தானுங்க அம்மிணி. இது செடியில்லீங்க, சாம்பிளு."

அப்பன் பேர்

கணியூரிலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். மகள் கல்யாணம், வரவேற்பு மேடைக்கு இரண்டு பக்கமும் வரிசையாகத் தொட்டி வேண்டும். எல்லாம் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி நிற்பதைப் பார்த்து, இது எப்படி என்று கேட்டார். கேட்டவரைச் சும்மா விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தாய்ச்செடியின் நுனியைக் கிள்ளுவதில் தொடங்கி, பாட்டில், சத்து ஜெல்லி, வேர் விடுவது வரை ஒரு பாடமே நடத்திவிட்டேன். விதை கிடையாது, மகரந்தம் கிடையாது, அப்பன் என்று ஒன்றே தேவையில்லை என்று பெருமையாக முடித்தேன்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். விவசாயி மட்டும் வரிசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். செடியில் குறை ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொண்டு நாற்பது தொட்டி எடுத்தார். வண்டி புறப்படும் நேரத்தில் இறங்கி என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"பந்தல்ல ஆராச்சும் உங்களக் கேட்டா, வெதை போட்டு மொளச்சதுன்னே சொல்லிப்போடுங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க அப்பன் பேரு கேக்காம எதையும் தொட மாட்டாங்க."

அம்பு

நர்சரியில் எனக்கு வலது கை சேசுமேரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஏழு வருடம் செக்கிங் செக்‌ஷனில் டேபிள் விளக்குக்கு அடியில் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் தேடியவள். பார்வை கொஞ்சம் மங்கியதும் கம்பெனியில் அவளையே கழித்துவிட்டார்கள். என்னிடம் வரும்போது ஒரு கட்டு அம்பு ஸ்டிக்கரும் கூடவே வந்தது. துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு.

பாட்டில் கன்றுகள் ஒன்றுபோல் இருக்கும் என்றேனே, அதில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. பெருக்கிக்கொண்டே போகும்போது எப்போதாவது ஒரு கன்று சொந்தப் புத்தியைக் காட்டிவிடும். ஒன்றின் இலையில் வெள்ளையே இருக்காது, இன்னொன்றுக்கு ஓரம் சுருண்டிருக்கும், வேறொன்றுக்கு நடு நரம்பு ரோஜா நிறத்தில் ஓடும். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாதது, சேசுமேரிக்குப் பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். அம்பை ஒட்டித் தனியே எடுத்து வைத்துவிடுவாள். கம்பெனி பார்வை போய்விட்டது என்று சொன்னது எந்தக் கண்ணை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கழித்ததை எல்லாம் குப்பைக் குழியில் போடச் சொன்னேன். அவள் செகண்ட்ஸாக, குறைவிலைச் சரக்காக விற்கலாமே என்றாள். திருப்பூரில் எதுவும் குப்பைக்குப் போகாது. தையல் கோணின பனியன் காதர்பேட்டையில் குவியலாக விலைபோகும், வெட்டுத்துணிகூட மூட்டை கட்டி விலைபோகும். நான் விறைத்துக்கொண்டேன். என் சரக்கில் செகண்ட்ஸ் கிடையாது, இது வேறு தரம், சென்னியப்பன் அண்ணன் கண்ணில் இதில் ஒன்று பட்டாலும் என் நிழல்வலை போய்விடும் என்று கத்தினேன். அவள் தொட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எக்கா, ஓட்ட பனியனுக்கே இந்த ஊருல ஒரு கிராக்கி இருக்கு. இதுல ஓட்டகூட இல்லியே."

அளவு நாடா

முன்னூறு தொட்டியும் கம்பெனிக்குப் போய் மூன்று மாதம். வாசலில், படிக்கட்டில், பையர் நடக்கும் வழி நெடுக வரிசை. டென்மார்க்கிலிருந்து பையர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. வாரப் பராமரிப்புக்கு நான் போனபோது, தரம் பார்க்கும் க்யூ.சி. மேனேஜர் அளவு நாடாவோடு இலைகளை அளந்துகொண்டிருந்தார். செடி அவர் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. வாசலில் வெளிச்சம் பட்டது வளர்ந்திருந்தது, ஏசி அறை வாசலில் இருந்தது அடங்கியிருந்தது. அரை சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம், அதற்குமேல் ஒப்புக்கொள்ள முடியாதாம்.

அதற்கு அவர்களே வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற ஓர் அம்மாளை வரவழைத்து, அளவுக்கு மீறின இலையை எல்லாம் அளவுக்கு நறுக்க வைத்தார்கள். வாசலில் தொடங்கி, தொட்டி தொட்டியாக, முன்னூறையும் முடித்திருந்தார். அந்த அம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை, அருமையான கை. ஒரு இலையில்கூடப் பிசிறு இல்லை.

நான் வாசலுக்குத் திரும்பினேன். அங்கிருந்த முதல் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். வெட்டுப்படாத ஓர் இலை ஓரத்தில் நீர் கோத்த புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். இலைக்கருகல் நோய். கத்திரியில் ஒட்டிக்கொண்டு அடுத்த வெட்டுக்காயத்தில் இறங்குகிற வகை. நோயுள்ள செடியில் தொடங்கி, அதே கத்திரியோடு முன்னூறுக்கும் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்திரியைக் கழுவியிருக்க வேண்டும், இல்லை மாற்றியிருக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். தரம் தெரியாத பொம்பளையாக இருக்கிறேனே என்று பரிதாபமாகப் பார்த்தார்:

"கத்திரிய மாத்துனா வெட்டு மாறிருமுங்க மேடம். ஒரே கத்திரி, ஒரே கை. அதனாலதான் முன்னூறும் ஒரே வெட்டா வந்திருக்குது."

பல்க்

பத்து நாளில் எல்லாம் முடிந்தது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு தண்டோடு சாய்ந்தது. நான் மருந்தடித்தேன், பாதித்ததைப் பிரித்தேன், தண்ணீரைக் குறைத்தேன். ஒன்றாவது தாக்குப்பிடித்திருக்காதா என்று தினமும் ஒவ்வொரு தொட்டியாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் முன்னூறு நகலுக்கும் இல்லை. ஒரே பூட்டு, ஒரே சாவி. கல்லூரியில் நான் அடிக்கோடு போட்டுப் படித்த விஷயம். விற்கும்போது மட்டும் அது எப்படியோ வாயில் வரவில்லை. ஒன்றுபோல் இருக்கும் என்று சொன்னேன், ஒன்றுபோல் சாகும் என்று சொல்லவில்லை.

நர்சரியில் மிச்சம் இருந்தவையும் அதே தாயின் பிள்ளைகள்தான். நான் கம்பெனிக்கும் நர்சரிக்கும் தூக்கிக்கொண்டு அலைந்த கத்தியிலேயே நோய் அங்கும் வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கேட்டால் புதுக் கன்று தயாராக மாதக்கணக்காகும் என்றார்கள். வேறு நர்சரியில் வாங்கி வைக்கலாம். வைத்தால் காண்ட்ராக்டும் அந்த நர்சரிக்கே போகும். செய்தி எப்படியோ பல்லடத்துக்கு எட்டி, மாமனார் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிழல்வலைக்குள் தறிக் கூடத்துக்கு அளவெடுத்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. டீ குடித்தாயா என்று கேட்டார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. காலித் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பையர் வர நாலு நாள் இருக்கும்போது சென்னியப்பன் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். சட்டப்படி பேசுகிற மனுஷர். பீரோவைத் திறந்து, சீல் போட்ட பையை எடுத்து, டேப்பைப் பிரித்தார். உள்ளே பழுப்பாக, சருகாக, தண்டு சாய்ந்து என் சிங்கோனியம். அதைக் கொண்டுபோய் வாசலில் செத்துக்கிடந்த ஒரு தொட்டியோடு சேர்த்து லைட் பாக்ஸில் வைத்தார். வெள்ளை விளக்கு, மஞ்சள் விளக்கு, ஊதா விளக்கு. வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"அச்சாப் பொருந்துதுங்க அம்மிணி. பல்க் மொத்தமும் சாம்பிள் மாதிரியே இருக்குது, ரிஜெக்ட் பண்ண எனக்கு வழியே இல்லீங்க."

செகண்ட்ஸ்

ரிஜெக்ட் பண்ணாவிட்டாலும், நாலு நாளில் வாசலில் பச்சை இல்லாவிட்டால் காண்ட்ராக்ட் முடிந்தது என்று அர்த்தம் என்பதையும் அவர் தன்மையாகச் சொல்லி அனுப்பினார். வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி சேசுமேரியிடம் சொல்ல வேண்டும். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று ராயபுரத்தில் அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். அதுவரை ஒருநாளும் போனதில்லை.

பத்து வீட்டுக்கும் பொதுவான அந்தச் சந்தில், சுவரோரமாக ஒரு வரிசை நின்றது. பாதியாக வெட்டின சாய கேன், எண்ணெய் டின், உடைந்த பிளாஸ்டிக் குடம். ஒவ்வொன்றிலும் என் சிங்கோனியம். நான் குழியில் போடச் சொன்ன அத்தனையும். வெள்ளையே இல்லாதது, வெள்ளை மிஞ்சிப்போனது, சுருட்டை, குட்டை, இலை கிழிந்த மாதிரி பிளந்தது, ரோஜா நரம்பு ஓடினது. அறுபதுக்குமேல் இருக்கும். சிலவற்றில் சிவப்பு அம்பு அப்படியே ஒட்டியிருந்தது. சேசுமேரி திருட்டில் பிடிபட்டவள்போல் கதவோரம் நின்றாள். தூக்கிப்போட மனசு வரவில்லை, தன்னையும் ஒருநாள் இப்படித்தான் கழித்தார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வேலை பார்க்கச் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒரு வண்டி பிடிக்கச் சொன்னேன்.

செத்த தொட்டிகளை அப்புறப்படுத்தி, தரையைக் கழுவி, சுண்ணாம்பு தூவி, பையர் வருகிற அன்று காலையில் வாசலின் இரண்டு பக்கமும் இவற்றை வைத்தோம். சென்னியப்பன் அண்ணன் வந்து பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அறுபது செடியில் அறுபது ஷேடு. எடுத்துவிடச் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் பையரின் கார் உள்ளே நுழைந்துவிட்டது. டென்மார்க் அம்மாள் இறங்கினார். துணியைப் பார்க்கப் போகாமல் செடியைப் பார்த்து நின்றார். ரோஜா நரம்புச் செடிமுன் மட்டும் வெகுநேரம் குனிந்திருந்தார். அதில் நாங்கள் எடுக்க மறந்த அம்பு. இது என்ன என்று கேட்டார். செக்கிங் செக்‌ஷனில் சேசுமேரி ஒட்டினால் கழிவு என்று அர்த்தமான அந்த அம்பை, சென்னியப்பன் அண்ணன் கண் இமைக்காமல் "ஸ்பெஷல் செலக்‌ஷன், மேடம்" என்றார். ஆர்டர் கையெழுத்தானது. நிழல்வலைக்கு இன்னொரு வருடம் கிடைத்தது. கொத்தனார் திரும்பிப் போனார்.

ஒரு வாரத்தில் அந்த வரிசையிலும் நோய் எட்டிப்பார்த்தது. மூன்று செடி போயின, இரண்டு வாடிப் பிழைத்தன, மற்றவை கண்டுகொள்ளவே இல்லை. ஆளுக்கொரு விதமாக இருந்தவை ஆளுக்கொரு விதமாகச் சமாளித்தன. இதைத்தான் இனி எல்லாக் கம்பெனியிலும் சொல்லி விற்க வேண்டும், கலந்து வையுங்கள் என்று கேட்க வேண்டும் என்று முடிவு கட்டி, சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு சென்னியப்பன் அண்ணனிடம் போனேன். அவர் என்னைப் பேச விடவில்லை. அந்த ரோஜா நரம்புச் செடி லைட் பாக்ஸுக்குள் இருந்தது. அதேபோல் முன்னூறு வேண்டும், ஒரு இலை மாறக்கூடாது, நுனியைக் கிள்ளி உடனே ஓசூருக்கு அனுப்ப வேண்டும், பக்கத்துக் கம்பெனிக்காரரும் முன்னூறு கேட்கிறார் என்றார். நான் அந்தப் பன்னிரண்டு தறியை நினைத்தேன். சரிங்கண்ணா என்றேன்.

நர்சரிக்குத் திரும்பிச் சேசுமேரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் செருகியிருந்த ஸ்டிக்கர் கட்டை எடுத்து, புது அட்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப இனிமே ரோசு இல்லாம பச்சையா வாரதுக்குத்தான் அம்பு ஒட்டணுமாக்கா?"

முன்னூறு செடியைப் பறிகொடுத்து அண்ணனும் நானும் சேசுமேரியும் மாற்றிக்கொண்டது நிறத்தை மட்டும்தான்.